இரவல் கேட்க வந்த எலிசாள்

ஒரு மனிதரிடமிருந்து யாருமே எதையும் வாங்கிக்கொள்ளாமல் போனால் அவர் என்ன ஆவார்?

அவருக்குக் கொடுப்பதற்கு ஆட்கள் இருக்கலாம். சோறு கொடுப்பார்கள், பழைய சேலை கொடுப்பார்கள், ஆறுதலும் கொடுப்பார்கள். ஆனால் அவர் எடுத்து நீட்டும் ஒரு தம்ளர் தண்ணீரை ஒருவரும் வாங்குவதில்லை. அப்படிப்பட்டவர் எத்தனை நாளைக்குத் தன்னை ஓர் ஆளாக நினைத்துக்கொண்டிருக்க முடியும்? எலிசாளிடம் இதைக் கேட்டிருந்தால், "எனக்கு அந்த அளவுக்கு மண்டை கெடையாது பிள்ளே" என்று சிரித்திருப்பாள். ஆனால் அவளுடைய வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால் அது இந்தக் கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது போலிருக்கிறது. பதில் கண்டாளா என்பது வேறு விஷயம்.

கலைச்செல்விக்கு அந்தக் கேள்வியை நன்றாகத் தெரியும். அவள் வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. திருவனந்தபுரத்தில், மணக்காட்டுச் சந்து ஒன்றில், ஒற்றை அறையில் குடியிருந்தாள். கணவன் விஜய்குமார் கழக்கூட்டத்தில் பெரிய பெரிய கட்டடங்கள் எழும்பிய காலத்தில் கான்கிரீட் வேலைக்கு வந்தவன். 1999இல் அவன் எய்ட்ஸ் நோயில் இறந்தான். உடலோடு வந்த கூட்டாளி ஒருவன் சந்து முனையில் நின்று பீடி பற்றவைத்தபடி நோயின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனான். அந்த நோய் கலைச்செல்வியிடமும் இருந்தது.

சந்து அவளை விரட்டவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். வாசலில் அரிசி கொண்டுவந்து வைத்தார்கள். ஓணத்துக்குப் புதுத்துணிகூடக் கொடுத்தார்கள். ஆனால் அதுவரை அவளிடம் சல்லடை இரவல் வாங்கியவர்களும், புளிக்குழம்பை ருசி பார்த்தவர்களும், ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னவர்களும் ஒரே வாரத்தில் ஒரு குறையும் இல்லாதவர்களாகிவிட்டார்கள். எல்லார் வீட்டிலும் புதிதாகச் சல்லடை முளைத்தது.

2001 மழைக்காலத்தில் கலைச்செல்விக்குக் காசநோயும் சேர்ந்துகொண்டது. அரசு ஆஸ்பத்திரி ஒன்றில், நடைபாதை முடியும் இடத்திலிருந்த வார்டில் படுத்துக் கிடந்தாள். ஒரு புதன்கிழமை மத்தியானம், ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். வார்டு முழுவதற்கும் கேட்கிற குரல்.

"பிள்ளே, ஒனக்கிட்ட கொண்டை ஊசி இருக்கா?"

யாரைக் கேட்கிறாள் என்று கலைச்செல்வி திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

"செவரு கொண்டை போடுமா? ஒன்னத்தான் கேட்டேன். காத்துல முடி பறந்து கண்ணுல அடிக்குது. ஒண்ணு தா, அடுத்த புதன் கொண்டு தாறேன்."

"எனக்கு என்ன சீக்குன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"ஒனக்கு இருக்கட்டு. கொண்டை ஊசிக்கு என்ன சீக்கு?"

கலைச்செல்வி தலையிலிருந்து ஓர் ஊசியை எடுத்து நீட்டினாள். வந்தவள் அதை வாங்கிப் பல்லால் கடித்து விரித்துத் தலையில் செருகிக்கொண்டு, பக்கத்துக் கட்டிலுக்குப் போய் அங்கிருந்தவரிடம் அன்றைய பேப்பரைக் கேட்டாள். எலிசாளை அவள் முதலில் பார்த்தது அப்படித்தான். அன்று சாயங்காலம் முழுக்க அந்தப் பல்லையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த புதன் ஊசி திரும்பி வந்தது. அன்றைக்கு எலிசாளுக்கு ஒரு பேனா தேவைப்பட்டது. அதற்கடுத்த வாரம் தூக்குவாளி. அதற்கும் அடுத்த வாரம், "ஒனக்க ஊரு நாட்டுக் கருப்பட்டிக் காப்பிக்கு என்ன போடுவீங்க?" என்று ஒரு பக்குவம். வாங்காமல் அவள் போனதே இல்லை. கேட்டதைக் கொடுக்க முடியாதபடி படுத்திருப்பவர்களிடம் மணி என்ன என்று கேட்டு, சொன்னதும், "நல்ல வேளை, நீரு சொன்னீரு. இல்லேன்னா பஸ்ஸ விட்டிருப்பேன்" என்பாள். அவள் கையிலேயே கடிகாரம் இருக்கும்.

எலிசாளின் ஊர் மார்த்தாண்டத்துக்குப் பக்கம், கிறிஸ்தவக் குடும்பம். கணவர் கொத்தனார். வேலை தேடி இந்த நகரத்துக்கு அழைத்து வந்தவர் நாற்பத்தைந்து வயதில் மாரடைப்பில் போய்விட்டார். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு, சாலைக் கடைத்தெருவில் பகவதிப்பெருமாள் என்ற நாகர்கோவில்காரரின் நூல், பித்தான் கடையில் நின்றாள். புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல் அவளுக்கு விடுப்பு.

இந்த வேலைக்கு அவள் வந்த கதையை அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள். 1996இல் சபையைச் சேர்ந்த யாரோ ஒருவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனவள் வார்டு மாறி நுழைந்துவிட்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கட்டிலில் இருந்தவனுடைய தலைமாட்டில் ஒரு குடை தொங்கியது. "தம்பி, குடையைத் தாறியா, அடுத்த வாரம் தந்திருகேன்" என்று கேட்டாள். அவன் லிங்கராஜ், தம்பானூரில் ஓட்டல் ஒன்றில் பரோட்டா அடித்தவன். எய்ட்ஸ் என்று தெரிந்த நான்கு மாதமாக அவனிடம் ஒருவரும் எதையும் கேட்டதில்லை. குடையைக் கொடுத்துவிட்டு, விடாமல் சிரித்தானாம். நர்ஸ் ஓடி வந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தானாம். அடுத்த வாரம் குடையைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். அன்றைக்கும் மழை. மறுபடி வாங்கிக்கொண்டு வந்தாள். இப்படியே ஏழெட்டு வாரம். ஒரு புதன் போனபோது கட்டில் காலியாக இருந்தது. குடை அவளிடமே நின்றுவிட்டது.

பிறகு எய்ட்ஸ் நோயாளிகளுக்காக வேலை செய்த அமைப்பு ஒன்று அவளைத் தொண்டராகச் சேர்த்துக்கொண்டு ஒரு படிவம் கொடுத்தது. 'இந்தச் சேவைக்கு வரக் காரணம்' என்ற இடத்தில் எலிசாள் ஒரே வார்த்தைதான் எழுதினாள்: குடை.

அவளைப் புனிதவதியாக்க அவசரம் வேண்டாம். தாயம் விளையாடினால் கள்ள ஆட்டம் ஆடுவாள், அதுவும் சாகக் கிடக்கிறவனோடு. ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கண்ணாடிக் கூட்டை இரவல் வாங்கித் தொலைத்துவிட்டுப் பழியைப் பஸ் கண்டக்டர் மேல் போட்டாள். கூசாமல் பொய் சொல்வாள். வராத கடிதம் வந்ததாகச் சொல்லி, மூன்று பக்கத்துக்கு அதை வாயாலேயே படித்துக் காட்டியிருக்கிறாள். அது நல்லதா கெட்டதா என்று கேட்டால் கலைச்செல்விக்கும் சொல்லத் தெரியாது.

எதையும் வாங்கிக்கொள்கிற எலிசாள் ஒன்றை மட்டும் வாங்க மாட்டாள். ஒருமுறை பக்கத்துக் கட்டிலுக்கு யாரோ கோயில் பாயசம் கொண்டுவந்தார்கள். கலைச்செல்வி தன் பங்கிலிருந்து ஒரு கரண்டி எடுத்து நீட்டினாள்.

"இது மட்டும் வேண்டாம் மக்களே. சாமிக்குப் படைச்சத நாங்க தின்னமாட்டோம். வேதக்காரங்கள்லா. சின்னதுலேர்ந்தே அப்படி."

கலைச்செல்விக்கு மனசு சுருங்கிப்போயிற்று. இதுவரை வாங்கியதெல்லாம் நடிப்பு, சாப்பாடு என்று வந்ததும் சாயம் வெளுத்துவிட்டது என்று நினைத்தாள். உடம்பு தேறி வீடு திரும்பிய பிறகுதான் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. ரவிக்கைகளுக்குக் கொக்கி தைத்துக் கொடுக்கும் வேலையை எலிசாள் அவளுக்கு ஏற்பாடு செய்திருந்தாள். துணி வாங்கக் கடைக்குப் போன முதல் நாள் காலை, பகவதிப்பெருமாள் பிள்ளையார் கோயில் அப்பத்தை இலையோடு எலிசாளுக்கு நீட்டினார்.

"வேண்டாம் மொதலாளி."

"பதினஞ்சு வருசமா நானும் நீட்டுகேன். ஒருநாளாவது கை தவறி வாங்கிரமாட்டியாங்கேன்."

"பதினஞ்சு வருசமா நானும் கைய ஜாக்கிரதையா வச்சிருக்கேன்."

அவர் சிரித்துக்கொண்டே அப்பத்தைக் கலைச்செல்வியிடம் கொடுத்தார். அன்று அந்த அப்பம் மிகவும் இனித்தது.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது கலைச்செல்வி ஒரு நேர்ச்சை நேர்ந்திருந்தாள். எழுந்து நடந்தால் ஆற்றுகால் பகவதிக்குப் பொங்காலை போடுவதாக, தெருவில் அடுப்பு மூட்டிப் பொங்கல் பொங்கிப் படைப்பதாக. கும்ப மாதத்தில், அதாவது மாசியில், அந்த ஒருநாள் நகரத்தின் தெருவெல்லாம் பெண்களுக்கு. கோயிலைச் சுற்றிக் கிலோமீட்டர் கணக்கில் மூன்று செங்கல் அடுப்புகள் வரிசை பிடிக்கும். கோயிலுக்கு முன்னால் முதல் அடுப்பு பற்றியதும் அந்தத் தீயைக் காய்ந்த ஓலையில் ஏந்தி, ஓர் அடுப்பிலிருந்து அடுத்த அடுப்பு, அதிலிருந்து அடுத்தது என்று பற்றவைத்துக்கொண்டே போவார்கள். தீப்பெட்டி உரசினால் அது அம்மனின் தீ ஆகாது.

மணக்காட்டுச் சந்தில் பொங்காலை நிர்வாகம் முழுக்கச் சரசம்மாவின் கையில். அறுபத்திரண்டு வயது. பத்தொன்பது வருடமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டு, நாற்பது அடுப்புக்கும் இடம் குறித்துக் கொடுக்கிறவள். 2003இல் கலைச்செல்வி போய்க் கேட்டபோது சரசம்மா முகம் சுளிக்கவில்லை. நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"வெச்சுக்கோ மோளே. ஆரும் வேண்டாம்னு சொல்லல்ல. கடைசியில வெச்சுக்கோ, கேட்டோ? நீ பக்கத்து அடுப்புலேர்ந்து தீ எடுக்கலாம். ஒன்கிட்டேர்ந்து ஆரும் எடுக்கண்டாம். ஒருத்தருக்கும் ஒரு பிரச்சனையும் இல்லியல்லோ."

எல்லா வருடமும் தீ கோயில் பக்கமிருந்து சந்தின் மேற்கு முனை வழியாக வரும். அங்கே முதல் அடுப்பு சரசம்மாவுடையது. கலைச்செல்விக்குக் கிழக்கு முனையில், பக்கத்து வீட்டு முத்தாரம்மாளின் அடுப்பிலிருந்து நான்கு முழம் தள்ளி, ஒரு கோடு விழுந்தது.

அன்று கடையில் எலிசாளிடம் அவள் சொன்னாள்: "வேண்டாம்க்கா. நான் வைக்கல. அங்கயும் நான் வாங்கத்தான் செய்யணும். வாங்கி வாங்கி அலுத்துப்போச்சு. பொங்காலை முடியவும் அறையக் காலி பண்ணிட்டு அண்ணன் வீட்டுக்கே போயிருதேன். மாட்டுத்தொழுவத்த ஒட்டி ஒரு சாய்ப்பு இருக்கு, அதுல கெடந்துக்கிடுதேன்."

எலிசாள் நூல்கண்டுகளை அடுக்கினாள். "நேர்ச்சை அம்மைக்கா, சரசம்மாவுக்கா?" என்று கேட்டாள். "அம்மைக்குன்னா வச்சிட்டுப் போ. தொழுவம் எங்கயும் ஓடிராது."

பொங்காலை நாள் காலை பத்து மணிக்கெல்லாம் வெயில் தலையைப் பிளந்தது. எலிசாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து, கிழக்கு முனையில் ஒரு தகரக் கூரையின் கீழ் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். கலைச்செல்வி புதுப்பானையில் தண்ணீர் ஊற்றி, ஓலை, தென்னம்பாளைக் கொதும்பு எல்லாம் செருகித் தயாராக நின்றாள். ஒலிபெருக்கியில் செண்டை முழங்கியது. கோயில் பக்கம் குரவைச் சத்தம் எழுந்து அலை அலையாக நெருங்கியது. நாற்பது பெண்களும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தீ கிழக்கே இருந்து வந்தது.

மேற்கு முனையில் குழாய் பதிக்க இரண்டு வாரத்துக்கு முன்பே ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பள்ளத்தில் தண்ணீர் நின்றதால் அன்று காலை போலீஸ் கயிறு கட்டி அந்த வாயை அடைத்துவிட்டது. அடுப்பு வரிசை பள்ளத்தின் அந்தப் பக்கத்தோடு அறுந்து, பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு சந்தின் மறுவாய்க்கு வந்தது. அந்தப் பள்ளத்தை மூடச் சொல்லி என்ஜினீயரோடு சண்டை போட்டவளே சரசம்மாதான். ஆனால் பத்தொன்பது வருடம் ஒரு வழியில் வந்த அம்மனின் தீ இன்னொரு வழியிலும் வரலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எலிசாளுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் முந்தின நாளே சொல்லியிருப்பாள். அவளால் ரகசியத்தை அடக்கி வைக்க முடியும், கேலியை அடக்கி வைக்க முடியாது.

பெரிய ரோட்டிலிருந்து முகம் தெரியாத ஒரு பெண் எரியும் ஓலையோடு ஓடி வந்து, "எடுத்துக்கோ மோளே" என்று கலைச்செல்வியின் அடுப்பில் செருகிவிட்டுத் திரும்பிப் போனாள். அடுப்பு குப்பென்று பிடித்தது.

அடுத்த அடுப்பு முத்தாரம்மாளுடையது. அவள் கையில் ஓலை இருந்தது. நான்கு முழம்தான் தூரம். அவள் ஓலையையும் பார்த்தாள், தீயையும் பார்த்தாள், பிறகு மேற்கே சரசம்மாவைப் பார்த்தாள். சந்து முழுவதும் சரசம்மாவைப் பார்த்தது. பக்கத்துத் தெருக்களில் புகை எழும்பிவிட்டது. இந்த ஒரு சந்தில் மட்டும் ஒரே ஓர் அடுப்பு எரிந்தது. அதைப் பார்க்க முடியாமல் கலைச்செல்வி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். தொழுவமும் சாய்ப்பும் கண்முன் வந்தன.

"சரசம்மாவே!" எலிசாளின் குரல் சந்தின் மறுமுனைவரை போயிற்று. "தீப்பெட்டி வேணுமா? முக்குக் கடையில எட்டணாதான். அம்மைக்குத் தெரியாம உரசிரலாம்!"

யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார்கள். சரசம்மா ஓர் ஓலையை எடுத்தாள். வேட்டியும் மேலே போர்த்திய நேரியதும் அலுங்காமல் மேற்கிலிருந்து கிழக்கே நடந்தாள். நாற்பது அடுப்பையும் கடக்க அவளுக்கு வெகுநேரம் ஆனதாகக் கலைச்செல்விக்குத் தோன்றியது. அந்த நடையில் இருந்தது தைரியமா, பானை பொங்காமல் போய்விடுமோ என்ற பயமா என்று யாருக்கும் தெரியாது. இரண்டும் சேர்ந்தே நடந்து வந்திருக்கலாம்.

வந்து நின்றவள் ஓலையை அடுப்பில் நீட்டினாள். அது புகைந்தது, பிடிக்கவில்லை.

"ஓலை ஈரமாக்கும். எனக்குக் குனிய ஒக்காது. நீ ஒண்ணு ஊது மோளே."

காசநோய் குணமாகி ஒரு வருடம் ஆகியும் கலைச்செல்வி அடுத்தவர் இருக்கும் பக்கம் மூச்சு விடக்கூட அஞ்சுவாள். "நானா?" என்றாள்.

"பின்னே எலிசாளா ஊதுவா? அவளுக்கு வாய் வேற வேலைக்கல்லோ."

கலைச்செல்வி குனிந்து, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினாள். தீ ஒரே தாவாகத் தாவிச் சரசம்மாவின் நேரியதின் சரிகை ஓரத்தைத் தொட்டது.

"அய்யோ, என் கசவு!" சரசம்மா ஒற்றைக் காலில் துள்ளினாள். சந்தே வெடித்துச் சிரித்தது. எலிசாள் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் முட்டியது. சரசம்மா தீயைத் தட்டி அணைத்துவிட்டு, ஓலையை உயர்த்திப் பிடித்தபடி முத்தாரம்மாளிடம் திரும்பினாள். "எந்தா பாத்துட்டு நிக்கிற? எடு!"

தீ அங்கிருந்து ஓடிற்று. நாற்பது அடுப்பையும் பிடிக்கக் கொஞ்ச நேரமே ஆனது. கடைசியாகப் பற்றியது சரசம்மாவின் அடுப்பு.

கலைச்செல்வியின் பானை முதலில் பொங்கி வழிந்தது. குரவை போட்டார்கள். மத்தியானம் பூசாரிகள் வந்து தீர்த்தம் தெளித்ததும் பொங்கல் படையலாயிற்று. அவள் வாழையிலைத் துண்டில் முதல் கரண்டியை எடுத்து, யோசிக்காமல் நேராக எலிசாளிடம் போய் நீட்டினாள். நீட்டிய பிறகுதான் நினைவு வந்தது.

"மறந்துட்டேங்க்கா. நீங்க இத..." இலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

சந்து பார்த்துக்கொண்டிருந்தது. எலிசாள் இலையைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் வந்ததிலிருந்து கலைச்செல்வியிடம் எதையும் இரவல் கேட்கவில்லை. விசிறி அட்டையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இலையை வாங்கினாள். சூடு பொறுக்காமல் வாயால் ஊதி ஊதித் தின்றாள்.

"வெல்லம் கொறவு" என்றாள். "இன்னும் கொஞ்சம் வை."

அன்று சாயங்காலம் முத்தாரம்மாள் கலைச்செல்வியின் வாசலில் வந்து நின்றாள். வீட்டுச் சல்லடையில் ஓட்டை விழுந்துவிட்டதாம். கலைச்செல்வி அறையைக் காலி செய்யவில்லை. சில வருடங்கள் கழித்து அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டு இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

பொங்கல் தின்ற செய்தி சபைப் போதகரின் காதுக்கும் போயிற்று. "உண்மைதானா அம்மா?" என்று கேட்டார். "உண்மைதான் ஐயா" என்றாள் எலிசாள். 2009இல் அவள் இறக்கும்வரை ஒவ்வொரு கும்பத்திலும் அந்தச் சந்துக்கு வந்து, கலைச்செல்வியின் பானையிலிருந்து மட்டும் வாங்கித் தின்றாள்.

ஆனால் அந்த முதல் பொங்காலைக்கு மறுநாள் காலையில் நடந்தது இது. தைத்த ரவிக்கைகளோடு கலைச்செல்வி கடைக்குப் போயிருந்தாள். பகவதிப்பெருமாளுக்கும் செய்தி எட்டியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பாக, இலையிலிருந்த அப்பங்களில் பெரிதாக ஒன்றைப் பொறுக்கி எலிசாளுக்கு நீட்டினார்.

"வேண்டாம் மொதலாளி. சாமிக்குப் படைச்சது நான் தின்னமாட்டேன்னு தெரியுமில்லா?"

"அப்போ நேத்து?"

எலிசாள் எலாஸ்டிக்கை முழம் போட்டு அளந்தாள். அவள் கைப்பக்கத்திலேயே கத்திரிக்கோல் கிடந்தது. அளந்து முடித்துக் கலைச்செல்வியைப் பார்த்தாள்.

"பிள்ளே, கத்திரிக்கோல் வச்சிருக்கியா? ஒண்ணு தா."